ஈறுநோயால் எலும்பு கரைந்த பற்களைக் காப்பாற்றுவது: படிப்படியான வழிகாட்டி

குன்னூரில் ஈறு சிகிச்சை பார்க்கும் ஒரு பல் மருத்துவரிடம் 11 வருடமாக உதவியாளராக இருக்கிறேன். மருத்துவர் பல்லைச் சுற்றி அளந்து சொல்லச் சொல்ல, அந்த எண்களை அட்டையில் எழுதுவது என் வேலை. "ஆறு, அஞ்சு, ஏழு, ரத்தம்" என்று அவர் சொல்லும்போது நாற்காலியில் இருப்பவரின் முகம் மாறுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

வருகிறவர்களில் பலர் முடிவோடுதான் வருகிறார்கள். "ஆடுற பல்லையெல்லாம் எடுத்துடுங்க சிஸ்டர்" என்பார் ஒருவர். "எலும்பு வைக்கிற ஆபரேஷன் இருக்காமே, அதை உடனே பண்ணிடுங்க" என்பார் இன்னொருவர். இரண்டும் கடைசியில் யோசிக்க வேண்டியவை. அதற்கு முன்னால் மூன்று நான்கு மாத வேலை இருக்கிறது. அதை ஒழுங்காக முடித்த பலருக்கு அறுவை தேவைப்படாமலே போயிருக்கிறது. வேலையைத் தாண்டிக் குதித்தவர்கள் பணமும் செலவழித்துப் பல்லையும் இழந்திருக்கிறார்கள். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. உங்கள் வாய்க்கான முடிவை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன். முகமோ தாடைக்கு அடியிலோ வீங்கி, காய்ச்சல் வந்து, விழுங்கவோ வாய் திறக்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால் இந்த வழிகாட்டியைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

1. எது திரும்பி வரும், எது வராது

பல்லைத் தாங்கிப் பிடிப்பது ஈறு அல்ல, தாடை எலும்பு. பல்லின் கழுத்தில் ஒட்டும் மெல்லிய படலத்தைத் தேய்த்து எடுக்காவிட்டால் சில நாட்களிலேயே அது இறுகிக் காரையாகிவிடும். காரையின் சொரசொரப்பில் இன்னும் படலம் ஒட்டும். அப்படியே ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே கீழே இறங்கும். அங்கே சேரும் கிருமிகளை எதிர்த்து உடல் உண்டாக்கும் அழற்சியில் பக்கத்து எலும்பு கரைகிறது. பெரும்பாலும் வலி இருக்காது. அதனால்தான் பல் ஆடத் தொடங்கிய பிறகே ஆட்கள் வருகிறார்கள்.

எலும்பு கரைவதில் இரண்டு விதம் உண்டு. நம் ஊர்க்காரர்களுக்கு இதைத் தேயிலைத் தோட்டத்தை வைத்துச் சொன்னால் உடனே புரிகிறது. மழையில் சரிவு முழுக்க ஒரே சீராக மண் இறங்கிப்போனால் எல்லாச் செடிக்கும் வேர் தெரியும். அங்கே மண்ணைக் கொட்டினாலும் நிற்காது. ஒரு செடியின் ஓரத்தில் மட்டும் குழி விழுந்திருந்தால், சுற்றிலும் கரை இருப்பதால் குழியை நிரப்பலாம். எலும்பும் அப்படித்தான். வரிசையாக எல்லாப் பற்களிலும் மட்டமாக இறங்கிய எலும்பை இன்றைய எந்தச் சிகிச்சையும் நம்பகமாகப் பழைய உயரத்துக்குக் கொண்டுவராது. ஒரு பல்லின் ஓரத்தில் குழியாகக் கரைந்த இடத்தில், குழியைச் சுற்றி எலும்புச் சுவர் மிச்சம் இருந்தால், ஓரளவு வளர்க்க முடியும்.

ஆகவே பெரும்பாலானவர்களுக்கு இலக்கு, இருக்கும் எலும்பை இனி இழக்காமல் நிறுத்துவது. பாதி எலும்பு போன பல்லும் நோய் நின்றுவிட்டால் பல வருடம் சாப்பிட உதவும். கால்சியம் மாத்திரையால் இந்த எலும்பு வளராது. வேறு காரணத்துக்கு மருத்துவர் எழுதியிருந்தால் சாப்பிடுங்கள். பல்லுக்காக வாங்க வேண்டாம்.

2. போவதற்கு முன் பையில் எடுத்து வைக்க வேண்டியவை

வெறுங்கையோடு வந்து, "வெள்ளை மாத்திரை ஒண்ணு, சிவப்பு ஒண்ணு" என்று சொல்பவர்களால் முதல் நாள் பாதி வீணாகிறது. மாத்திரை அட்டைகளை அப்படியே கொண்டுவாருங்கள். காரணம் இருக்கிறது.

ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், நிஃபெடிபின், வலிப்புக்கான ஃபெனிடோயின் போன்றவை சிலருக்கு ஈறை வீங்கி வளரச் செய்யும். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் அதைச் சொல்ல வேண்டும். பல் சிகிச்சைக்காகத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. இதய மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ வருடம் ஒரு ஊசியோ போட்டுக்கொள்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்துகளில் சில, பல் எடுத்த பிறகு தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்தைக் கூட்டுகின்றன. செயற்கை இதய வால்வு வைத்தவர்களுக்கும் இதய உள்சவ்வில் முன்பு தொற்று வந்தவர்களுக்கும் சுத்தம் செய்வதற்கு முன்பே ஆன்டிபயாடிக் தர வேண்டியிருக்கும்.

சர்க்கரை இருந்தால் மூன்று மாதச் சராசரி, அதாவது எச்பிஏ1சி ரிப்போர்ட் வேண்டும். சர்க்கரை இல்லை என்று நினைப்பவர்களும், ஈறு அடிக்கடி சீழ் கட்டினால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. எங்களிடம் பல்லுக்காக வந்து சர்க்கரை இருப்பதை முதன்முதலாகத் தெரிந்துகொண்டவர்கள் உண்டு.

பழைய எக்ஸ்ரே எங்கே எடுத்திருந்தாலும் கொண்டுவாருங்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய படமும் இன்றைய படமும் பக்கத்தில் இருந்தால் எலும்பு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று தெரியும். ஒற்றைப் படத்தில் அது தெரியாது.

3. அளவு எடுத்தல்: அட்டையின் நகல் உங்களிடம் இருக்கட்டும்

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு எந்தச் சிகிச்சைக்கும் சம்மதிக்காதீர்கள். மெல்லிய, மில்லிமீட்டர் குறியிட்ட கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லிலும் 6 இடங்களில் ஆழம் பார்ப்பார்கள். முழு வாய்க்கு அரை மணி நேரம் வரை ஆகலாம். ஒரு நிமிடம் கண்ணாடியால் பார்த்துவிட்டு "எலும்பு போச்சு" என்று சொன்னால், "அளந்து எழுதித் தருவீங்களா டாக்டர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

எண்களை இப்படிப் படியுங்கள். 1 முதல் 3 மி.மீ. வரை இருந்து, ரத்தமும் வராவிட்டால் நலம். 4, 5 என்றால் அங்கே பை விழுந்திருக்கிறது, அதாவது ஈறு பல்லைவிட்டுப் பிரிந்து இடைவெளி ஆழமாகியிருக்கிறது. நீங்கள் எவ்வளவு நன்றாகப் பல் துலக்கினாலும் பிரஷ் அதன் அடிவரை போகாது. 6-உம் அதற்கு மேலும் ஆழ்ந்த பைகள். எண்ணுக்குப் பக்கத்தில் ரத்தக் குறி இருந்தால் அந்த இடத்தில் அழற்சி இன்னும் ஓடுகிறது. புகைப்பவர்கள் இதில் ஏமாந்துவிடுவார்கள். புகையால் ஈறில் ரத்தக் கசிவு குறைந்துவிடும். உள்ளே எலும்பு கரைந்துகொண்டே இருக்கும், வெளியே ஈறு இறுகி நல்லபடியாகத் தெரியும்.

அடுத்து ஆட்டம். முதல் நிலையில் பல் பக்கவாட்டில் 1 மி.மீ. வரை அசையும். இரண்டாம் நிலையில் அதற்கு மேல். மூன்றாம் நிலையில் அழுத்தினால் மேலும் கீழும் இறங்கும். கடைவாய்ப் பற்களில் வேர் பிரியும் கவைக்குள் கம்பி நுழைகிறதா என்றும் பார்ப்பார்கள். கவை திறந்துவிட்டால் சுத்தம் செய்வது கடினம், அந்தப் பல்லின் எதிர்காலமும் அதைப் பொறுத்தது.

கடைசியாக எக்ஸ்ரே. நலமான வாயில் எலும்பின் விளிம்பு, பல்லின் தலையும் வேரும் சேரும் கோட்டுக்கு 1 முதல் 2 மி.மீ. கீழே இருக்கும். முழுத் தாடையும் தெரியும் ஓபிஜி படம் மொத்த நிலைமையைக் காட்டும். குழி விழுந்த இடத்தைச் சரியாகப் பார்க்க அந்தப் பல்லுக்கு மட்டும் சிறிய படம் தேவைப்படும்.

எல்லாம் முடிந்ததும் அட்டையை செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு முடிவும் இந்த எண்களோடு ஒப்பிட்டே எடுக்கப்படும். மலையில் மருத்துவர்கள் மாறுவார்கள், நீங்களும் வேலைக்காகத் திருப்பூர், பெங்களூரு என்று போவீர்கள். அட்டை உங்களோடு வர வேண்டும்.

35 வயதுக்குள் முன்பற்களிலும் முதல் கடைவாய்ப் பற்களிலும் வேகமாக எலும்பு போயிருந்தால், உடன்பிறந்தவர்களையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டச் சொல்வோம். இந்த வகை ஒரே குடும்பத்தில் பலருக்கு வருவது உண்டு.

4. வீட்டு வேலை முதலில்

"கிளீனிங் பண்ணிட்டு அப்புறம் பிரஷ் பண்ணக் கத்துக்கறேன்" என்பது தலைகீழ் வரிசை. ஆழத்தில் சுத்தம் செய்த வேரில் அடுத்த நாளே படலம் ஒட்டத் தொடங்கும். அதை எடுக்கத் தெரியாதவருக்குச் செய்யும் சுத்தம் சில வாரங்களில் வீணாகிவிடும். அதனால் முதல் இரண்டு வாரம் வீட்டில் பழக வேண்டும்.

மென்மையான பிரஷ். முடிகள் பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி 45 டிகிரி சாய்த்து, இருந்த இடத்திலேயே சிறிதாக அசைத்து, பிறகு அடுத்த பல். காலை ஒருமுறை, இரவு படுக்கும் முன் ஒருமுறை. நேரம் குறைந்தது 2 நிமிடம்.

நம் ஊரில் ஒரு தடங்கல் உண்டு, வெளியூர்க்காரர்களுக்கு அது தெரியாது. மார்கழி, தை மாதத்தில் குழாய்த் தண்ணீர் பல்லில் பட்டால் கூசிக் கொல்லும். வேர் வெளியே தெரிபவர்களுக்கு இன்னும் மோசம். அந்த இரண்டு மாதம் பலர் 20 விநாடியில் துலக்கி முடித்துவிடுகிறார்கள், தையில் வந்தால் ஈறு சிவந்திருக்கிறது. டீக்கு வைக்கும் வெந்நீரில் ஒரு டம்ளர் எடுத்து, வெதுவெதுப்பாக்கி அதில் கொப்பளியுங்கள். பிரஷ்ஷையும் அதில் நனையுங்கள்.

பிரஷ் போகாத இடம் பல்லிடுக்கு. எலும்பு முதலில் கரைவதும் பெரும்பாலும் அங்கேதான். இடுக்கு அகன்றவர்களுக்கு நூலைவிடப் பல்லிடுக்கு பிரஷ் நன்றாக வேலை செய்யும். அளவு முக்கியம். உள்ளே போகும்போது முடிகள் சற்று உரச வேண்டும், கம்பி இடிக்கக் கூடாது. தாராளமாகப் போய்வந்தால் அது சிறியது. ஒரே வாயில் முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு தேவைப்படுவது சகஜம். முதல்முறை எங்கள் முன்னால் போட்டுப் பார்த்து அளவைக் குறித்துக்கொண்டு போகச் சொல்வோம். முதல் வாரம் ரத்தம் வரும். அதைப் பார்த்துப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ரத்தம் வருவது அங்கே அழற்சி இருப்பதால். தினமும் செய்தால் ஒன்றிரண்டு வாரத்தில் குறையும்.

உப்பு, சாம்பல், செங்கல் தூள், கரித்தூள் எதுவும் வேண்டாம். வேரின் மேல் எனாமல் கிடையாது. தேய்த்தால் பள்ளம் விழும். எண்ணெய் கொப்பளிப்பவர்கள் தொடரலாம், ஆனால் பைக்குள் இருக்கும் காரையை அது கரைக்காது.

5. புகையிலையும் சர்க்கரையும்

இதைத் தனிப்படியாக எழுதுவதற்குக் காரணம், எல்லாரும் இதைக் கடைசியில் போடுகிறார்கள் என்பதுதான். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஆழ்ந்த சுத்தமும் அறுவையும் குறைவாகவே பலன் தருகின்றன. நாளுக்கு 10 சிகரெட்டோ அதற்கு மேலோ பிடித்தால் நோய் வேகமாகப் போகும் பிரிவில் மருத்துவர்கள் வைப்பார்கள். எச்பிஏ1சி 7 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்கும் அதே பிரிவு.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்காமார் பலர், குளிருக்கும் பசிக்கும் வெற்றிலை பாக்கு புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார்கள். ஒதுக்கும் பக்கத்தில் ஈறு இறங்கி வேர் தெரிவதை அட்டையிலேயே பார்க்கலாம். வருடக்கணக்கில் பாக்கு மென்றால் வாய் திறப்பும் குறைந்துபோகும். அப்புறம் பின்பற்களுக்குக் கருவியைக் கொண்டுபோகவே முடியாது. "விட்டுடுங்க" என்று சொன்னால் ஒரே நாளில் விட முடியாது என்று எனக்குத் தெரியும். ஆழ்ந்த சுத்தம் செய்யும் வாரத்தையாவது விடும் தேதியாக வைத்துக்கொள்ளுங்கள். வாய் எப்படியும் மென்றுகொண்டிருக்கும் நிலையில் இருக்காது, அது உதவும்.

சர்க்கரைக்கும் ஈறுக்கும் உறவு இரு பக்கமும் உண்டு. சர்க்கரை கூடினால் ஈறு ஆறாது. ஈறுநோய்க்குச் சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.4 அளவுக்குக் குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சர்க்கரை மாத்திரையை அது மாற்றாது, ஆனால் சேர்ந்து வேலை செய்யும். சிகிச்சை நாளில் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, காலை நேரத்தில் வாருங்கள்.

6. மேல் சுத்தம்

ஈறுக்கு மேலே தெரியும் காரையை எடுப்பது. ஒரு முறை, சில சமயம் இரண்டு முறை. அரசு மருத்துவமனைப் பல் பிரிவிலும் செய்துகொள்ளலாம்.

இங்கே பயமுறுத்தும் விஷயம் ஒன்றுதான். காரை எடுத்ததும் பற்களுக்கு இடையே சந்து தெரியும், சில பற்கள் கொஞ்சம் கூடுதலாக ஆடுவது போலவும் இருக்கும். "கிளீன் பண்ணித்தான் பல் ஆடுது" என்று ஊரில் பேச்சு வருவது இதனால்தான். பல்லோடு பல்லைச் சிமெண்ட் போலக் கட்டியிருந்த காரை போனது, ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவருக்கு இதை முன்கூட்டிச் சொல்லாமல் விட்டேன். வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்துப் பயந்தவர், அதன்பின் வரவே இல்லை. அன்றிலிருந்து கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்பே எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன்.

7. ஆழ்ந்த சுத்தம்

சிகிச்சையின் நடுத்தூண் இது. மரத்துப்போக ஊசி போட்டு, பையின் அடிவரை போய், வேரில் ஒட்டிய காரையையும் படலத்தையும் எடுப்பார்கள். 4 மி.மீ.க்கும் அதற்கு மேலும் ஆழமான இடங்களுக்கே இது. வாயை நான்கு பாகமாகப் பிரித்து இரண்டு முதல் நான்கு சந்திப்புகளில் செய்வது வழக்கம். ஒரே நாளில் முழு வாயும் செய்பவர்களும் உண்டு. பலன் ஏறக்குறைய ஒன்றுதான். தொலைவிலிருந்து வருபவர்கள் இதை முன்பே கேட்டு, எத்தனை நாள் கூலி போகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சூரிலிருந்தோ பந்தலூரிலிருந்தோ நான்கு முறை வருவதைவிட இரண்டு நீளமான சந்திப்பு பலருக்குத் தோதாக இருக்கிறது.

பிறகு இரண்டு மூன்று நாள் ஈறு நோகும். கூச்சம் சில வாரம் இருக்கும். வீக்கம் வடிந்து ஈறு சுருங்குவதால் வேர் கொஞ்சம் வெளியே தெரியும். பல் நீண்டுவிட்டது போலத் தோன்றும். இது குணமாவதன் அடையாளம். கூச்சத்துக்கான பேஸ்ட்டை இரு வேளையும் பயன்படுத்துங்கள், பலன் தெரிய சில வாரம் ஆகும்.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதிக் கொடுத்தால், சொன்ன நாட்களுக்கு மட்டும். இரண்டு வாரம், அதிகம் போனால் நான்கு. டீ அதிகம் குடிப்பவர்களுக்கு இதனால் பல் பழுப்பாகும். நம் ஊரில் நாளுக்கு ஐந்து டீ சாதாரணம், அதனால் கொப்பளித்த உடனே டீ குடிக்காதீர்கள். பல் துலக்கி அரை மணி நேரம் கழித்துக் கொப்பளியுங்கள். பேஸ்ட்டின் நுரை அதன் வேலையைக் கெடுக்கும். கறை படிந்தாலும் கிளினிக்கில் எடுத்துவிடலாம்.

ஆன்டிபயாடிக் எல்லாருக்கும் தேவை இல்லை. வேரில் காரை இருக்கும்வரை மாத்திரை தனியாக எதையும் குணப்படுத்தாது. இளவயதில் வேகமாகப் பரவும் வகைக்கு, சுத்தத்தோடு சேர்த்து மருத்துவர் எழுதலாம். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டதை மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பழக்கத்தை நிறைய பார்க்கிறேன். நான்கு நாளில் வீக்கம் வடிகிறது, நோய் போய்விட்டது என்று நினைக்கிறார்கள், ஒரு வருடம் கழித்து இன்னும் 2 மி.மீ. இழந்து வருகிறார்கள்.

லேசர் சேர்த்தால் நல்லது என்று சொல்லிக் கூடுதல் பணம் கேட்டால், சாதாரண ஆழ்ந்த சுத்தத்தைவிட அதனால் தெளிவான கூடுதல் பலன் நிரூபிக்கப்படவில்லை என்பதை நினைவில் வையுங்கள். இல்லாமலும் செய்துகொள்ளலாம்.

8. காத்திருத்தல்

அதிகம் பேர் தவறுவது இங்கேதான். ஈறு நன்றாகிவிட்டது, ரத்தம் நின்றுவிட்டது, வாய்நாற்றம் போய்விட்டது, இனி எதற்குப் போக வேண்டும் என்று நின்றுவிடுகிறார்கள். இன்னொரு கூட்டம், பத்தாவது நாளே வந்து அளக்கச் சொல்கிறது.

ஈறு வேரோடு மறுபடி ஒட்டிக்கொள்ள நேரம் வேண்டும். சீக்கிரம் கம்பியை விட்டால் புதிதாக ஒட்டிய இடம் பிரிந்துவிடும், கிடைக்கும் எண்ணும் பொய். குறைந்தது 6 வாரம், பொதுவாக 3 மாதம் கழித்து அளப்பார்கள். அதுவரை வீட்டு வேலையில் ஒரு நாள்கூட விடாதீர்கள். நடுவில் ஒருமுறை வந்து, எந்த இடுக்கில் படலம் மிச்சம் இருக்கிறது என்று சாயம் பூசிப் பார்த்துப் போகலாம்.

மறு சந்திப்பின் தேதியை ஆழ்ந்த சுத்தம் முடிந்த அன்றே எழுதி வாங்குங்கள். "மூணு மாசம் கழிச்சு வரேன்" என்று வாயால் சொன்னவர்களில் பலர் ஒரு வருடம் கழித்துத்தான் வருகிறார்கள்.

9. மறு அளவு: எந்தப் பல்லுக்கு என்ன

பழைய அட்டையையும் புதியதையும் பக்கத்தில் வையுங்கள். 4 முதல் 6 மி.மீ. வரை இருந்த பைகள் சராசரியாக 1 மி.மீ.க்குச் சற்று மேல் குறையும்; 7-க்கு மேல் இருந்தவை சுமார் 2 மி.மீ. குறையும். ஒரு வேர் உள்ள முன்பற்கள் நன்றாகத் தேறும், கவையுள்ள கடைவாய்ப் பற்கள் மெதுவாக.

இப்போது வாயை மொத்தமாகப் பார்க்காமல் ஒவ்வொரு இடமாகப் பாருங்கள். 4 அல்லது அதற்குக் கீழே வந்து, ரத்தமும் இல்லை என்றால் அந்த இடம் பராமரிப்புக்குப் போகிறது. 4, 5 இருந்து ரத்தம் வந்தால் இன்னொரு முறை ஆழ்ந்த சுத்தம். 6-உம் அதற்கு மேலும் மிச்சம் இருந்தால் அங்கே அறுவையைப் பற்றிப் பேசலாம். வாய் முழுக்கப் படலம் இருக்கும் நிலையில் யாருக்கும் அறுவை செய்யக் கூடாது. அப்படி இருந்தால் நான்காம் படிக்கே திரும்புங்கள்.

எடுக்க வேண்டிய பல் எது என்று முடிவு செய்யவும் இதுவே நேரம். கீழ் முன்பற்கள் நான்கும் ஆடுகின்றன, எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று வேறோர் இடத்தில் சொல்லப்பட்டு, கோத்தகிரிப் பக்கத்திலிருந்து 38 வயதில் ஒருவர் வந்தார். முதல் அட்டையில் 6, 7 என்று எழுதினேன். மூன்றரை மாதம் கழித்து 3, 4 என்று எழுதினேன். ஆட்டம் குறைந்தது, மிச்சத்துக்குப் பற்களின் பின்புறம் கம்பி வைத்துச் சேர்த்துக் கட்டினார் மருத்துவர். 6 வருடம் ஆகிறது, அந்த நான்கும் இருக்கின்றன. எல்லாருக்கும் இப்படி நடக்காது. அழுத்தினால் இறங்கும் பல், வேர் நுனிவரை எலும்பு இழந்த பல் பெரும்பாலும் போகத்தான் வேண்டும். ஆனால் சீழ் கட்டி வீங்கியிருக்கும் நாளில் ஆட்டத்தைப் பார்த்து அந்த முடிவை எடுக்காதீர்கள்.

10. அறுவை யாருக்கு, என்ன கேட்க வேண்டும்

ஈறைத் திறந்து, வேரைக் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்து, மீண்டும் தைப்பது அடிப்படை அறுவை; ஃபிளாப் சர்ஜரி என்பார்கள். கண் பார்க்காத இடத்தில் தங்கிய காரையை எடுக்க அது உதவும். எலும்புத்தூள் வைப்பது அதன் மேல் கூடுதல். 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழமான எலும்புக் குழிக்கும், சில கவைக் குறைகளுக்கும் மட்டுமே அது பயன்படும். மூன்று பக்கமும் எலும்புச் சுவர் உள்ள குறுகிய குழியில் பலன் அதிகம், அகன்ற குழியில் குறைவு. "எனக்கு இருக்கிறது குழியா, மட்டமாக இறங்கியதா? படத்தில் காட்டுவீங்களா?" இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் தூளுக்குப் பணம் கட்டாதீர்கள்.

தூளும் அதை மூட வைக்கும் சவ்வும் எதிலிருந்து செய்யப்பட்டவை என்றும் கேளுங்கள். மாட்டெலும்பிலிருந்து வருபவை உண்டு, பன்றியிலிருந்து எடுத்த கொலாஜன் சவ்வுகள் உண்டு, மனித தானத்திலிருந்து வருபவையும் ஆய்வகத்தில் செய்த கனிமத் தூள்களும் உண்டு. மதம் சார்ந்தோ உணவு சார்ந்தோ மறுப்பு இருப்பவர்கள் முன்பே சொன்னால் மாற்று தேர்ந்தெடுக்கலாம். அறுவை முடிந்த பிறகு தெரிந்து மனம் உடைந்தவரைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கையிலிருந்தே ரத்தம் எடுத்துச் சுழற்றி, அதில் கிடைக்கும் நாரிழைப் படலத்தை வைக்கும் பிஆர்எஃப் முறையும் இருக்கிறது.

செலவு தாங்காதவர்கள் கோவையிலுள்ள பல் மருத்துவக் கல்லூரிகளின் ஈறு சிகிச்சைத் துறைக்குப் போகலாம். அங்கே முதுநிலை மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். நேரம் அதிகம் எடுக்கும், கட்டணம் பொதுவாகக் குறைவு.

பல்லை எடுத்து, எலும்பில் பதிக்கும் செயற்கை வேரான இம்பிளான்ட் வைத்துவிட்டால் தொல்லை விட்டது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. இம்பிளான்ட்டைச் சுற்றியும் இதே போல எலும்பு கரையும். ஈறுநோய் கட்டுப்படாத வாயில் அந்த ஆபத்து அதிகம்.

11. கோவைக்கு இறங்கிப்போய் அறுவை செய்துகொள்பவர்களுக்கு

எந்தப் பொது வழிகாட்டியிலும் இது இருக்காது, ஆனால் நம்மவர்களுக்கு மிகவும் தேவை. தையல் பிரிக்க ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துக்குள் மறுபடி போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நிற்பது உங்களுக்குத் தெரியும். பர்லியார் வழி அடைத்தால் கோத்தகிரி, குஞ்சப்பனை வழி இருக்கும். சில நாள் அதுவும் இருக்காது. முடிந்தால் மாசி, பங்குனியில் தேதி வாங்குங்கள். முடியாவிட்டால், தையலை மலையிலேயே ஒரு பல் மருத்துவர் பிரிக்கலாமா என்று முன்பே கேட்டு, என்ன தையல், எந்த நாள் பிரிப்பது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கொண்டை ஊசி வளைவில் வாந்தி வருபவர்கள் அறுவை செய்த அன்றே மலை ஏற வேண்டாம். புதுத் தையலோடு வாந்தி எடுத்தால் ரத்தக் கசிவு மறுபடி தொடங்கலாம். கீழே சொந்தக்காரர் வீட்டில் ஒரு இரவு தங்குவது நல்லது.

முதல் நாள் கன்னத்தின் வெளியே ஐஸ் ஒத்தடம். வேகமாகக் கொப்பளிக்கவோ துப்பவோ கூடாது. சூடான டீயை ஆறவைத்துக் குடியுங்கள். தைத்த இடத்தில் மருத்துவர் சொல்லும்வரை, பெரும்பாலும் இரண்டு வாரம், பிரஷ் படக் கூடாது. மற்ற பற்களை வழக்கம்போலத் துலக்க வேண்டும். வாய் முழுவதையும் துலக்காமல் விடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. தூள் வைத்த இடத்தை 6 மாதத்துக்கு முன் கம்பி விட்டு அளக்க மாட்டார்கள், நீங்களும் அவசரப்படுத்தாதீர்கள்.

12. பராமரிப்பு

நோய் நின்ற பிறகும் முதல் வருடம் 3 மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும். எண்கள் நிலையாக இருந்தால் இடைவெளியை 6 மாதம், சிலருக்கு அதற்கும் மேல் நீட்டலாம். புகைப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் நீட்ட மாட்டோம். ஒவ்வொரு முறையும் அளவு, இடுக்குகளில் சுத்தம், தேவைப்பட்ட இடத்தில் மட்டும் மறுபடி ஆழ்ந்த சுத்தம்.

கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் தோட்ட வேலையை விட்டு வர முடியாது என்று தெரியும். அப்படியானால் அதற்கு முந்தைய வாரமே வாருங்கள், தள்ளிப்போட வேண்டாம். ஒரு தவணை தவறிவிட்டால் வெட்கப்பட்டு வராமலே இருந்துவிடாதீர்கள். பழைய அட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் வந்துவிடுங்கள். முதலில் சென்ற முறை 5 இருந்த இடங்களை அளப்போம், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.